வால்டேர் நம்பிய வேதம்: ஏமாற்றைப் பற்றிய எழுத்தும் ஏமாற்றும் எழுத்தும்

புதுச்சேரியின் வில்லியனூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றுப் பக்கம் இருக்கிற சுத்துக்கேணியில் பெருங்கற்கால ஈமக்காடு ஒன்று உண்டு. வீராம்பட்டினம், முத்திரைப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்களான கசால் இணையர் நடத்திய அகழாய்வின் அறிக்கை 1956இல் பாரிசில் நூலாக வந்தது. சுத்துக்கேணியில் கிடைத்த பொன்நகைகள் சில இன்று பாரிசின் கீமே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மண்ணுக்கடியில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்த அசல் பழம்பொருள்கள் அவை. அந்த அகழாய்வுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே புதுச்சேரித் தொடர்பின் வழியே இன்னொரு 'பழம்பொருள்' பிரான்சுக்குப் போயிருந்தது. அது ஒரு கையெழுத்துப் பிரதி. பெயர் 'எசூர் வேதம்'. யசுர் வேதம் என்பதன் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல். அது வேதமல்ல. ஆனால் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மிகக் கூர்மையான சந்தேகப் பேர்வழியான வால்டேர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

இந்தப் போலி வேதத்தின் கதையைத் தனியாகச் சொல்வது வழக்கம். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதே காலகட்டத்தில் பெருகிய ஏமாற்றுக் கதைகளோடு சேர்த்துப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சமயவாதிகளும் மேடைப் புலவர்களும் மலிவுப் பதிப்பு எழுத்தாளர்களும் ஏமாற்றைப் பற்றி ஓயாமல் எழுதினார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் கண்டுகொண்ட உண்மை ஒன்றுதான்: ஏமாற்று வியாபாரத்துக்கு முதல் போடுபவன் ஏமாறுகிறவன். அவனுடைய ஆசைதான் அந்த முதல்.

லண்டன் தெருவும் சீட்டுக்கட்டும்

இங்கிலாந்தில் ஏமாற்று என்பது முதலில் சமயச் சண்டையின் சொல்லாக ஓங்கியது. 1538இல் கெண்ட் பகுதியின் பாக்ஸ்லி மடத்தில் பெயர்பெற்ற சிலுவையுருவம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார்கள். கண்ணும் உதடும் அசைவதாகப் பேர்வாங்கிய அந்த உருவத்துக்குள் கம்பிகள் இருந்தன. அதை லண்டனுக்குக் கொண்டுபோய் மக்கள் முன் காட்டி உடைத்தார்கள். கத்தோலிக்க வழிபாடே கம்பி வைத்த பொம்மலாட்டம் என்று பிராட்டஸ்டன்ட் எழுத்தாளர்களுக்குக் கைவசம் ஒரு சான்று கிடைத்துவிட்டது. 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் சூனியம் பற்றி எழுதிய பெரிய நூலில், பேய் என்று நம்பப்பட்ட பலவற்றைச் செப்படி வித்தை என்று விளக்கினார். 1603இல் சாமுவேல் ஹார்ஸ்னெட், இயேசு சபைக் குருக்கள் பேயோட்டியதெல்லாம் நாடகம் என்று ஒரு நூலே எழுதினார். அந்த நூலில் வரும் பேய்களின் பெயர்களை எடுத்துத்தான் ஷேக்ஸ்பியர் 'லியர் மன்ன'னில் பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக வேடமிடும் எட்கரின் வாயில் வைத்தார்.

தெருவிலும் இதே காலத்தில் இதே பேச்சு. 1560களில் தாமஸ் ஹார்மன் என்ற கெண்ட் பகுதி நிலக்கிழார், ஊர்சுற்றிகளின் தந்திரங்களைப் பட்டியலிட்டு ஒரு நூல் எழுதினார். அதில் ஒருவன் வருகிறான்: நிக்கலஸ் ஜென்னிங்ஸ். வலிப்பு நோயாளி என்று சொல்லிக்கொண்டு, முகமெல்லாம் இரத்தமும் உடையெல்லாம் சேறுமாகப் பிச்சை கேட்கிறான். முகத்தைக் கழுவிக்கொள் என்றால் மறுக்கிறான். பெத்லெம் மனநோய் மருத்துவமனையில் இருந்தேன் என்கிறான். ஹார்மன் ஆளனுப்பி விசாரிக்கிறார். அப்படி ஒருவன் அங்கே இருந்ததே இல்லை. பின்தொடர்ந்து பார்த்தால், வழியில் மறைவிடத்தில் புதிதாக இரத்தம் பூசிக்கொள்கிறான். நல்ல உடையும் அவனிடம் உண்டு, நல்ல வீடும் உண்டு. கடைசியில் தண்டனைக் கம்பத்தில் நிறுத்தி ஊருக்குக் காட்டினார்கள்.

1591இல் ராபர்ட் கிரீன் எழுதிய மலிவுப் பதிப்புகள் இன்னும் நுட்பமானவை. அவர் விவரிக்கும் சீட்டாட்ட மோசடியைப் பாருங்கள். நாட்டுப்புறத்திலிருந்து வந்த ஆளிடம் ஒருவன் நண்பனாகச் சேருகிறான். மூன்றாவது ஆள் ஒருவனைக் காட்டி, 'அவனை நாம் இருவரும் சேர்ந்து ஏமாற்றலாம், சீட்டு எது என்று எனக்குத் தெரியும்' என்கிறான். நாட்டுப்புறத்தான் தானும் ஏமாற்றுகிறவர்கள் பக்கம் இருப்பதாக நினைத்துப் பணத்தை எடுத்து வைக்கிறான். எதிரில் இருக்கும் அந்த 'ஏமாளி'யும் கூட்டாளிதான். குறுக்கு வழியில் சம்பாதிக்கலாம் என்ற ஆசை இல்லாதவனை இந்த வலையில் விழவைக்க முடியாது. கிரீன் ஊருக்கு எச்சரிக்கை சொல்வதாகத்தான் எழுதினார். ஆனால் விற்பனை நடந்தது தந்திரம் எப்படி என்று தெரிந்துகொள்ளும் சுவைக்காக.

நொண்டியின் வாக்குமூலம்

தமிழில் இதற்கு இணையான வகை நொண்டி நாடகம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் செல்வாக்குப் பெற்ற இந்த வகைக்கு ஒற்றைக்கால் நாடகம் என்றும் பெயர். ஒருவனே மேடையில் நின்று தன் கதையைத் தானே சிந்தில் பாடுவான். கதைப்போக்கு ஏறக்குறைய மாறாது. நல்ல குடியில் பிறந்தவன், தாசியொருத்தியிடம் மயங்கிப் பொருளையெல்லாம் இழக்கிறான். கை வறண்டதும் அவள் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறான். பொருள் தேடக் களவில் இறங்குகிறான். குதிரை திருடப் போய் மாட்டிக்கொள்கிறான், காலை வெட்டிவிடுகிறார்கள். பெரியவர் ஒருவர் காட்டிய வழியில் இறைவனைச் சரணடைய, கால் மீண்டும் வளர்கிறது.

திருச்செந்தூர் நொண்டியில் அருள்பவன் முருகன். சீதக்காதி நொண்டியில் கீழக்கரை வள்ளலின் ஆதரவும் மக்கா யாத்திரையும் அவனைக் கரைசேர்க்கின்றன. கிறித்தவர்களிடமும் 'ஞான நொண்டி' உண்டு. மூன்று சமயமும் ஒரே திருடனைத் தத்தெடுத்துக்கொண்டன. கடவுள் பெயர் மாறுகிறது, தாசி வீட்டுக் காட்சி மாறுவதில்லை.

ஹார்மனின் பிச்சைக்காரனையும் இந்த நொண்டியையும் அருகருகே நிறுத்தினால் வேறுபாடு தெரியும். லண்டனில் நோய் பொய். அதைக் கழுவிக் காட்டுவதுதான் எழுத்தாளரின் வெற்றி. தமிழ் மேடையில் ஊனம் மெய். அதை நீக்குவது அருளின் வெற்றி. அங்கே ஏமாற்றுக்காரனை வெளியிலிருந்து ஒருவர் துப்பறிகிறார். இங்கே அவனே வாயைத் திறந்து, களவும் கள்ளமும் எப்படி நடந்தன என்று ஒன்றுவிடாமல் ஒப்புக்கொள்கிறான். முடிவில் பக்தி இருப்பதால் நடுவில் எதையும் பாடலாம் என்ற உரிமை புலவருக்குக் கிடைத்துவிடுகிறது.

விறலிவிடு தூது என்ற சிற்றிலக்கியம் இந்த உரிமையை இன்னும் தாராளமாக எடுத்துக்கொண்டது. சுப்ரதீபக் கவிராயரின் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூதில் கதையைச் சொல்பவன் ஒரு பிராமணன். தாய்க்கிழவி மகளுக்குத் தொழில் பாடம் நடத்துவது இவ்வகை நூல்களில் ஒரு தனி அங்கம்: எந்த ஆளிடம் எப்படிப் பேசுவது, எப்போது ஊடுவது, எப்போது அழுவது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழி முழுவதும் பெண்ணின் மேல் விழுகிறது. பேசும் வாய் முழுவதும் ஆணுடையது. தாசியின் பக்கக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த ஆணின் வாய்மொழியே அவனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தாலி கட்டியவளை விட்டுவிட்டு, கேட்காமலே அள்ளிக் கொடுத்தவன் அவன். மருந்து வைத்து மயக்கினாள் என்று அவன் சொல்லும்போது, மருந்து தேவைப்பட்டிருக்காது என்று கேட்கிற சனத்துக்குத் தெரியும்.

குதிரை முட்டை

இதே சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றதாக மரபு சொல்லும் இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி. தேம்பாவணி பாடிய அவர், தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமாரோடு 'வேத விளக்கம்' போன்ற நூல்களில் கடுமையாக மோதினார். ஐரோப்பாவில் கத்தோலிக்கர் மேல் சுமத்தப்பட்ட ஏமாற்றுக் குற்றச்சாட்டு இப்படித் தமிழில், எதிர்த் திசையில் திரும்பியது: வேதத்தைத் திரிக்கிறவர்கள் நீங்களா நாங்களா என்ற வழக்காக.

ஆனால் அவருடைய நூல்களில் மக்களிடம் நிலைத்தது பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் ஆகிய ஐந்து சீடர்களோடு அலையும் குருவுக்கு ஒரு குதிரை வேண்டும். விலை அதிகம். பூசணிக்காயைக் காட்டி 'குதிரை முட்டை' என்று ஒருவன் விற்கிறான். மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிவருகிறார்கள். வழியில் அது விழுந்து உடைய, புதரிலிருந்து முயல் ஒன்று பாய்ந்து ஓட, குட்டி ஓடிவிட்டதே என்று துரத்துகிறார்கள். கதையில் மோசடிக்காரனுக்கு இரண்டு வரிதான் வேலை. மிச்சத்தையெல்லாம் வாங்கினவர்களே முடித்துக்கொள்கிறார்கள். முயலைப் பார்த்த பிறகும் பூசணிக்காய் பூசணிக்காயாகத் தோன்றவில்லை. முயலே நம்பிக்கைக்குப் புதிய சான்றாகத் தோன்றுகிறது. இந்தக் கதைகளை பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் லண்டனில் அச்சிட்டார். அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏமாறுகிறவனின் இந்தப் பங்கைக் கூத்து மேடையிலும் பார்க்கலாம். சுத்துக்கேணி, வில்லியனூர், பாகூர் வட்டாரம் தெருக்கூத்து மண். துரௌபதை அம்மன் திருவிழாவில் பாரதம் படித்துக் கூத்தும் ஆடுகிற பகுதி. பகடைத் துகில் ஆடும் இரவில் சகுனியின் சூது ஒளிவுமறைவாக நடப்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகியதும் கட்டியக்காரன் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, தான் யார், என்ன செய்யப்போகிறேன் என்று அறிவித்துவிட்டுத்தான் வேடம் ஆட்டத்துக்குள் நுழையும். சனத்துக்குத் தெரியும், சகுனிக்குத் தெரியும். தருமனுக்கு மட்டும் தெரியாது. அதுவும்கூட முழுக்கத் தெரியாமல் அல்ல. வேண்டாம் என்று எச்சரித்தும் உட்கார்ந்தவன் அவன். பாரதி புதுச்சேரியில் இருந்தபோது பாஞ்சாலி சபதம் எழுதினார். 1912இல் அதன் முதல் பாகம் வெளிவந்தது. சூதாட்ட மண்டபத்தில் தருமனின் பொறுப்பை அவரும் எளிதில் தள்ளுபடி செய்யவில்லை.

1606: இரண்டு குருமார்

மேடையில் கட்டியக்காரன் கேள்வி கேட்பான். வாழ்க்கையில் கட்டும் வேடத்தைக் கேள்வி கேட்பது யார்? 1606ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் ஹென்றி கார்னெட் என்ற இயேசு சபைக் குரு தூக்கிலிடப்பட்டார். நாடாளுமன்ற வெடிமருந்துச் சதி முன்பே தெரிந்தும் மறைத்தார் என்பது வழக்கு. உண்மையின் பாதியை வாயால் சொல்லி மீதியை மனத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் தரப்பு வாதிட்ட கொள்கை ஊரெல்லாம் பேச்சாயிற்று. 'மேக்பெத்'தின் வாயிற்காவலன் அந்த வகை ஆளைக் கேலி செய்வதைக் கார்னெட்டோடு சேர்த்தே அறிஞர்கள் படிக்கிறார்கள்.

அதே 1606இன் நவம்பரில் அதே சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். காவி உடை, சந்தனம், மரக்குறடு, புலால் மறுத்த உணவு; தத்துவ போதகர் என்ற பெயர். தொலைந்துபோன வேதத்தைத் தாம் கொண்டுவந்திருப்பதாகப் போதித்தார். இது ஏமாற்று என்று முதலில் எதிர்த்தவர் மதுரையிலேயே இருந்த சக குருவான கொன்சாலோ பெர்னாண்டஸ். வழக்கு கோவாவுக்கும் ரோமுக்கும் போய், 1623இல் போப்பாண்டவர் 15ஆம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். உடையும் பூணூலும் நாட்டு வழக்கம், மூடநம்பிக்கை அல்ல என்பது நொபிலியின் வாதம். வாதம் வென்றது, ஐயம் போகவில்லை. அந்த ஐயம் பின்னால் வேறொரு வழக்கில் அவருக்கே வினையாக வந்தது.

வேதபுரியில் ஒரு வேதம்

புதுச்சேரிக்கு வேதபுரி என்று பழைய பெயர். வேதபுரீசுவரர் கோயிலும் இயேசு சபையின் சம்பா கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆங்கிலேயர் முற்றுகையிட்ட 1748 செப்டம்பரில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் ஆட்சி ஈசுவரன் கோயிலை இடித்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். வலிமை கைகூடிய ஒரு நேரத்தில் இடிக்க முடிந்தது. அதற்கு முன்பிருந்தே இயேசு சபையினர் வேறொரு வழியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆந்திரப் பகுதியில் பணிசெய்த ழான் கால்மெத் என்ற குரு, 1730களில் உண்மையான வேதப் பிரதிகளைத் தேடிப்பிடித்துப் பாரிஸ் அரச நூலகத்துக்கு அனுப்பினார். வேதத்திலிருந்தே மேற்கோள் எடுத்துப் பிராமணரோடு வாதாடலாம் என்பது அவருடைய கணக்கு.

எசூர் வேதம் அந்தக் கணக்கின் அடுத்த படி. அது ஓர் உரையாடல். ஒரு பக்கம் பியாச், வியாசர்தான். மறுபக்கம் சுமோந்து, சுமந்து முனிவர். பியாச் புராணக் கதைகளைச் சொல்லிக் கேட்கிறார், சுமோந்து மறுக்கிறார். கடவுள் ஒருவரே, உருவ வழிபாடு பிழை, நீ எழுதிய புராணங்களால் சனங்களை வழிகெடுத்துவிட்டாய் என்று கடிந்துகொள்கிறார். வேதத்தின் பெயரில் பொய்யாகப் பிறந்த நூல் முதலிலிருந்து கடைசிவரை வியாசரை நோக்கிச் சொல்லும் குற்றச்சாட்டு, நீ பொய்நூல் எழுதி ஊரை ஏமாற்றினாய் என்பது.

தமிழ்நாட்டில் அதை நம்பியவர்கள் இருந்ததாகத் தடயமில்லை. வேதமென்று சொல்லி இங்கே எவரிடமும் அதை வைத்திருந்தால், அத்தியயனம் செய்த சிறுவன்கூடச் சிரித்திருப்பான். பிரதி பலித்தது வேறு இடத்தில். புதுச்சேரியில் பணியாற்றிய படையதிகாரி மோதாவ் பிரபு அதை 1760இல் வால்டேரிடம் கொடுத்தார். வால்டேர் அதை அரச நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அலெக்சாந்தர் படையெடுப்புக்கு முற்பட்ட நூல் என்று எழுதினார். ஆற்காட்டு நாட்டில் உள்ள சீரங்கத் தீவின் தலைமைக் குருக்கள், நேர்மை தவறாத முதியவர், பிரெஞ்சு அறிந்தவர், அவரே மொழிபெயர்த்தது என்றும் சேர்த்துக்கொண்டார். திருவரங்கத்துக் கோயில் முறையைக் கொஞ்சம் அறிந்த எவருக்கும் இந்தப் பிரெஞ்சு மொழி தெரிந்த தலைமைக் குருக்கள் குதிரை முட்டையாகத்தான் தெரிவார்.

சந்தேகத்தையே தொழிலாகக் கொண்டவர் ஏன் விழுந்தார்? மோசேக்கு முற்பட்ட, யூதரிடமும் திருச்சபையிடமும் கடன்படாத தூய ஒரே கடவுள் கொள்கை உலகில் இருந்தது என்று காட்ட அவருக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. பாதிரிமார் இந்துக்களைத் திருச்சபைக்கு இழுக்கச் செய்த கருவியை அவர் திருச்சபையை அடிக்கக் கையில் எடுத்தார். கிரீனின் சீட்டாட்டத்தில் வருகிற ஆளைப் போலவே, தான் வெல்கிற பக்கம் இருப்பதாக அவர் நினைத்தார். வால்டேர் இறந்த 1778இலேயே சேந்த்-குருவா என்பவர் அதைச் சுவிட்சர்லாந்தின் இவெர்தோனில் அச்சேற்றினார். நான்கே ஆண்டில், 1782இல், இந்தியாவில் பயணம் செய்து திரும்பிய பியேர் சொன்னரா, இது வேதமல்ல, மசூலிப்பட்டினத்தில் ஒரு மறைப்பணியாளர் எழுதிய வாத நூல் என்று எழுதிவிட்டார். சான்றுக் கட்டு கட்டி வழக்கை நடத்தியவர் வேறொருவர்.

எல்லிஸ் பிடித்ததும் விட்டதும்

பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸைத் தமிழர் அறிவார்கள். சென்னையில் கலெக்டராக இருந்தவர், 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்கியவர், திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தவர், தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று 1816இலேயே சொன்னவர். புதுச்சேரிக் கத்தோலிக்கப் பாதிரிமாரிடம் இருந்த பிரதிகளை அவர் பார்த்தார். எசூர் வேதம் தனியாக இல்லை. மற்ற வேதங்களின் பெயரிலும் அதே பாணியில் பிரதிகள் இருந்தன. சிலவற்றில் ஒரு பக்கம் உரோமன் எழுத்தில் சமற்கிருதம், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு. அவர் ஆவேசப்படவில்லை. எழுத்துக்கூட்டலைப் பார்த்தார். வகரம் பகரமாகவும் அகரம் ஒகரமாகவும் வந்திருந்தது. வியாசர் பியாச் ஆனதும் சுமந்து சுமோந்து ஆனதும் அப்படித்தான். தமிழ்நாட்டுப் பண்டிதர் வாயில் வராத, வங்காளத்து உச்சரிப்பு அது. உண்மையான வேதங்களோடு உள்ளடக்கத்தை ஒப்பிட்டார். நடை புராண நடை என்று கண்டார்.

எல்லிஸ் 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். கட்டுரை 1822இல் கல்கத்தாவின் ஆசிய ஆராய்ச்சி இதழில் வந்தது. பாபிங்டன் குதிரை முட்டையை லண்டனில் அச்சிட்ட அதே ஆண்டு.

போலியைப் பிடித்த எல்லிஸ், ஆளைத் தவறவிட்டார். எழுதியவர் நொபிலி என்றார். நொபிலி 1656இல் மயிலாப்பூரில் இறந்தவர்; வாழ்நாளை மதுரையைச் சுற்றிக் கழித்தவர்; வங்காள உச்சரிப்போடு அவரைக் கோக்க வழியில்லை. ஆனால் காவி கட்டிய ஐரோப்பியர், தொலைந்த வேதம் கொண்டுவந்தவர் என்று இருநூறு ஆண்டாகப் பேர்வாங்கியிருந்தவர் அவர்தான். வேடம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர் கையில் தயாராக இருந்தது. எழுத்தெழுத்தாகச் சோதித்த மனிதர் அந்த ஒரு பெயரைச் சோதிக்கவில்லை.

அதற்குப் பின் கால்மெத், வங்காளத்தில் பணிசெய்த மொசாக் எனப் பல பெயர்கள் அடிபட்டன. 1984இல் இந்தப் பிரதியைப் பற்றி முழுநூல் எழுதிய லூடோ ரோஷே, எந்தப் பெயரையும் உறுதிப்படுத்தச் சான்று போதாது என்று நிறுத்திக்கொண்டார். 2010இல் உர்ஸ் ஆப் மீண்டும் கால்மெத்தைச் சுட்டினார். எழுதியவர் யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. நம்பியவர்கள் யார், எதற்காக நம்பினார்கள் என்பதோ முதல் நாளிலிருந்தே அவரவர் கையெழுத்தில் பதிவாகியிருக்கிறது.